சிவப்பைத் தாங்கும் பச்சை

(ஓசூரில் மாடித்தோட்ட ஆர்வலர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

பாகலூர் சாலை நர்சரிகளிலோ அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு போகிற வழியிலோ ஒரு கள்ளிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தண்டு, மூன்று பட்டையாக. அதன் உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டை. ரத்தச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கும். விற்பவர்கள் மூன் கேக்டஸ் என்பார்கள். நாம் நிலாக்கள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உருண்டையைப் பூ என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது பூ அல்ல, ஒரு முழுச் செடி. கீழே இருக்கும் பச்சைத் தண்டு வேறொரு செடி. இரண்டையும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன மழைக்காலத்தில் என்னிடம் வந்து, "சார், மேல சிவப்பு நல்லாத்தான் இருக்கு. கீழதான் லேசா பழுப்பாகுது. அது பரவாயில்லைதானே?" என்று கேட்டார். இன்று நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். மேலே இருக்கும் சிவப்பு தானாக ஒரு நாளும் உயிர்வாழ முடியாது. அதற்குச் சோறு போடுவது கீழே இருக்கும் அந்தப் பச்சை. பச்சை பழுப்பானால் சிவப்பு இன்னும் சில வாரம் அழகாகவே இருக்கும், தன் உடம்பில் சேர்த்துவைத்ததைத் தின்றுகொண்டு. நாம் ஏமாறுவது அங்கேதான். நிலாக்கள்ளி வாங்குகிறவர் கண் எப்போதும் மேலே இருக்கிறது. வளர்க்கிறவர் கண் கீழே இருக்க வேண்டும்.

மேலே இருப்பதன் பெயர் ஜிம்னோகலிசியம் மிகனோவிச்சியை. சொந்த ஊர் தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டின் சாக்கோ சமவெளி. அங்கே அது சிவப்பாக இருப்பதில்லை. சாம்பல் பச்சையும் பழுப்பும் கலந்து, பட்டை பட்டையாக வரி ஓடி, புதர்களின் அடியில் நிழலில் பதுங்கிக் கிடக்கும் எளிய செடி அது. 1941இல் ஜப்பானில் எய்ஜி வத்தனபே என்ற வளர்ப்பாளர் இதன் விதையைப் பெருமளவில் விதைத்திருந்தார். பத்தாயிரம் நாற்றுகளுக்கு நடுவே இரண்டு மட்டும் பச்சையம் துளியும் இல்லாமல் சிவப்பாக முளைத்தன. பச்சையம் இல்லாத நாற்று விதையில் இருக்கும் உணவு தீர்ந்ததும் செத்துப்போகும். அவர் அவற்றைச் சாக விடவில்லை. வெட்டி எடுத்து இன்னொரு கள்ளியின் மேல் ஒட்டினார். அவை பிழைத்தன, பக்கத்தில் குட்டி போட்டன. இன்று உலகம் முழுவதும் மேசைகளில் இருக்கும் சிவப்பு நிலாக்கள்ளிகளின் கதை அந்த நாற்றுகளிலிருந்து தொடங்குகிறது. பிறகு தென்கொரியா இதைப் பெரிய தொழிலாகவே ஆக்கிவிட்டது. உலகச் சந்தைக்குப் போகும் நிலாக்கள்ளியில் பெரும்பங்கு அந்த நாட்டுக் குடில்களில் விளைவது. அங்கே பனிக்காலத்தில் குடிலைச் சூடேற்றி வளர்க்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? பச்சையம் விலகியதும் அடியில் மறைந்திருந்த நிறமிகள் வெளியே தெரிகின்றன. பீட்டாலைன் என்ற குடும்பம். பீட்ரூட்டில் இருப்பதும், செங்கீரைத் தண்டிலும் கோழிக்கொண்டையிலும் காகிதப்பூவிலும் அந்திமந்தாரையிலும் இருப்பதும் அதே குடும்பம்தான். நம்மில் பலர் சின்ன வயதில் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் கல்லில் தேய்த்து, பூமுள்ளை நீக்கித் தின்று, நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு அலைந்திருப்போம். அந்த நாக்குச் சிவப்பும் இந்த உருண்டைச் சிவப்பும் உறவு. நம் ஊர் ரோஜாவின் சிவப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஆந்தோசயனின் என்ற வேறு நிறமி. ஒரே செடியில் இரண்டு குடும்ப நிறமியும் சேர்ந்து இருப்பதில்லை. இயற்கை இதை ஏன் இப்படிப் பிரித்து வைத்தது என்பது தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த புதிர்களில் ஒன்று. அதில் இறங்கினால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

கீழே இருக்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் ஹைலோசீரியஸ். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் இதன் பழத்தைத் தின்றிருப்பீர்கள். டிராகன் பழக் கொடிதான் அது. குஜராத் அரசு 2021இல் கமலம் என்று பெயர் வைத்ததே, அதே பழம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் வெப்பக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கள்ளி. ஆக, மேலே இருப்பது புதர் நிழலில் வாழ்ந்தது, கீழே இருப்பது காட்டு மரத்தில் தொற்றி ஏறியது. இரண்டுமே கொதிக்கும் பாலைவனச் செடிகள் அல்ல. 'கள்ளிதானே, வெயிலில் போடு, தண்ணீர் ஊற்றாதே' என்ற அறிவுரை எத்தனையோ நிலாக்கள்ளிகளைக் கொன்றிருக்கிறது.

முதலில் வெயில். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளுமையாக இருப்பதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் மார்ச்சிலிருந்து மே வரை உச்சி வெயில் அந்தச் சிவப்பு உருண்டையை வெளிறச் செய்து, பிறகு தோல் கருகி வடுப்போட வைக்கும். பச்சையம் இல்லாத தோலுக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பு குறைவு. அதற்காக அறைக்குள் மூலையில் வைத்தால் மேலே பார்க்க நன்றாக இருக்கும், கீழே பச்சைத் தண்டு பட்டினி கிடக்கும், ஏனென்றால் ஒளியைச் சோறாக்குவது அது ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல் அல்லது பால்கனி, காலை வெயில் ஒன்பது, ஒன்பதரை வரை, அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும். மாடியில் வைப்பவர்கள் பாதி வெயிலை வடிகட்டும் நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். பசுமைக்குடில் ஊர் இது, நிழல்வலை வாங்க எங்கும் அலைய வேண்டாம். கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் மலைக்குக் கீழே இருக்கிறீர்கள். சித்திரை வைகாசியில் உங்கள் ஊர்ப் பாறைகள் ராத்திரியிலும் அனல் கக்கும். உங்களுக்குக் காலை வெயில்கூட எட்டு மணி வரை போதும்.

குளிரைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். மார்கழியில் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் விடியற்காலை மூடுபனி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெப்பக் காட்டிலிருந்து வந்த ஹைலோசீரியஸுக்கு 10 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே ஆகாது. கொரியாவில் குடிலைச் சூடேற்றுவது இதற்காகத்தான். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் செடியை இரவில் உள்ளே எடுத்து வைத்து, மண்ணைக் காயப்போட்டால் போதும். குளிரும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால்தான் தண்டு அழுகும். குளிர் மட்டும் என்றால் நம் ஊர்க் குளிரை அது தாங்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். தொட்டி மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பாருங்கள். அடி வரை காய்ந்திருந்தால் நன்றாக, துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். பிறகு மறுபடி காயும் வரை தொடாதீர்கள். தினம் ஒரு மூடி தண்ணீர் ஊற்றுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். மேல்மண் நனையும், வேருக்கு எதுவும் கிடைக்காது, தண்டின் கழுத்தில் ஈரம் நிற்கும். கோடையில் வாரம் ஒருமுறை, குளிரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பது நம் பகுதிக்குப் பொருந்தும் கணக்கு. ஆனால் நாள்காட்டியைவிட விரலை நம்புங்கள். நம் போர் தண்ணீர் கடினமானது. பாத்திரத்திலும் குழாயிலும் வெள்ளைப்படலம் கட்டுகிறதே, அதுவே தொட்டியிலும் கட்டி மண்ணைக் காரமாக்கும், வேர் சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். மழைநீரைப் பிடித்து வையுங்கள். இவ்வளவு சின்னச் செடிக்கு ஒரு கேன் மழைநீர் மாதக்கணக்கில் வரும். செப்டம்பர், அக்டோபர் கனமழையில் மட்டும் செடியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள். நான் பார்த்தவரை, வெயிலில் போனதைவிட அந்த இரண்டு மாதத்தில் அழுகிப் போனவைதான் அதிகம்.

மண் கலவைக்கு வெளிநாட்டுப் பெர்லைட் தேடி அலைய வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் மாவட்டம். கிரஷரில் கிடைக்கும் பேபி ஜல்லியில் சின்னதாகச் சலித்து எடுத்து, தூசி போகக் கழுவிக்கொள்ளுங்கள். தூசி போகாமல் போட்டால் சிமென்டு போல இறுகிவிடும். அது ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமட்கோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கொஞ்சம் கரித்துண்டு. தேங்காய் நார்க்கழிவு போடுவதென்றால் கைப்பிடிக்கு மேல் வேண்டாம், அது ஈரத்தை விடாது. துளை இருக்கும் சின்ன மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் சின்ன வேர் என்றால் காயாத மண்தான் அதிகம் இருக்கும். பரிசுப்பொருளாக வரும் பீங்கான் கோப்பைகளில் பெரும்பாலும் துளையே இருக்காது. அதிலிருந்து அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கள்ளிமேல் நிறத்தைத் தெளித்து நீலம், ஊதா என்று விற்கிறார்கள். உலர்ந்த பூவை ஒட்டுப்பசையால் ஒட்டி, பூத்த கள்ளி என்று கொடுப்பதும் உண்டு. சாயம் தோலின் சுவாசத் துளைகளை அடைத்துவிடும். பகலில் மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பது கள்ளிகளின் வழக்கம். அந்தத் துளைகளை அடைப்பது மெல்ல மூச்சை நிறுத்துவதுதான். அழகான, உண்மையான நிறம் இயற்கையே கொடுத்திருக்கும்போது இந்த வேலையை யாரும் செய்யக் கூடாது, நாமும் வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கள்ளி என்றாலே நம் மாவட்டத்தில் சில தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் வாஸ்து மட்டுமல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் கள்ளிப்பால் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் துயரம் எல்லாருக்கும் தெரியும். பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்த பூமி இது. அந்தப் பால் வடிவது யூபோர்பியா குடும்பத்துச் செடிகளில். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் அந்த வகை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை கேக்டஸ் அல்ல. கேக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுடையது. ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு தொங்கும் கள்ளிதான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. நிலாக்கள்ளியை வெட்டினால் தெளிந்த நீர்தான் வரும், பால் வராது, அதில் நஞ்சும் இல்லை. உங்களிடம் இருப்பது பால் வடிக்கும் வகையா என்று தெரியாவிட்டால் ஊசி முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். பால் வந்தால் அதைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கையை உடனே கழுவுங்கள், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

நிலாக்கள்ளியின் பெரிய எதிரி மாவுப்பூச்சி. உருண்டையும் தண்டும் சேரும் இடுக்கில், விலாக்களின் பள்ளத்தில், பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். காதுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள், ஒருமுறையோடு போகாது. செடி வாடியும் மேலே பூச்சி தெரியாவிட்டால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், அங்கேயும் வாழும் வகை உண்டு.

இந்தப் பூச்சியின் ஒன்றுவிட்ட உறவுக்காரன் ஒருவன் நம் சென்னையில் பெரிய சரித்திரம் படைத்திருக்கிறான். கோச்சினீல் என்ற பூச்சி சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சித் தன் உடம்பில் கார்மைன் என்ற செஞ்சாயத்தை உண்டாக்கும். மெக்சிகோவிலிருந்து அதை ஸ்பெயின் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தது. அதை இங்கேயே உண்டாக்க வேண்டும் என்று கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களின் பிற்பகுதியில் முனைந்தார். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார்கள். பூச்சிதான் கிடைக்கவில்லை. 1795இல் பிரேசிலிலிருந்து வங்கத்துக்கு ஒரு பூச்சி வந்தது. அது மட்டமான காட்டுவகை, சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் கள்ளியை மட்டும் வெறியோடு தின்றது. 1836க்கும் 1838க்கும் இடையில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது நிலங்களை அடைத்துக் கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி அழிந்தது. களையைப் பூச்சியால் ஒழித்த வரலாற்றின் முதல் அத்தியாயமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். எஞ்சிய இன்னொரு வகையை ஒழிக்க 1926இல் இலங்கை வழியாக வேறொரு கோச்சினீல் இனம் வந்தது. அதன் பிறகுதான் நம் தாத்தாக்கள் காலத்துக் கள்ளி வேலிகள் மளமளவென்று சரிந்தன. ஊர் ஊராகக் கள்ளிக்காட்டையே தின்று தீர்த்த கூட்டத்தின் சொந்தக்காரன் உங்கள் தொட்டியில் இருக்கிறான் என்றால், அந்தக் காதுக்குச்சி வேலையை நாளைக்கு என்று தள்ளமாட்டீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நிலாக்கள்ளி மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். உண்மை. மேலே இருப்பது மெதுவாகப் பருக்கும் செடி, கீழே இருப்பது வேகமாக ஓடும் கொடி. இரண்டின் வளர்ச்சியும் ஒத்துப்போவதில்லை. உருண்டை கனத்துப்போகும், தண்டு தளர்ந்து தக்கையாகும். பெரும்பாலோர் இந்த இடத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நான் இன்று வந்ததே இதைத் தடுக்கத்தான். தண்டு போனாலும் உருண்டை போகவில்லை. அதன் பக்கத்தில் குட்டிகள் இருக்கும். ஒவ்வொரு குட்டியையும் புதிய தண்டில் ஒட்டலாம். ஒட்டுக்கட்டுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? சந்தூரில் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு மாங்கன்று ஒட்டுக்கட்டும் கைகள். பெங்களூராவும் அல்போன்சாவும் செந்தூராவும் நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின்மேல் ஏறித்தான் இந்த மாவட்டத்தை மாம்பழ மாவட்டமாக்கின. அமுதகொண்டபள்ளியிலிருந்தும் தளியைச் சுற்றிய குடில்களிலிருந்தும் காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாவும் அடிச்செடியில் மொட்டுக் கட்டியதுதான். இவ்வளவு கைத்திறன் இருக்கும் மண்ணில், ஒட்டுச்செடி ஒன்றை ஒருமுறை வாங்கித் தூக்கி எறியும் பொருளாக வைத்திருப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடிச்செடிக்குக் காசே வேண்டாம். நம் பக்கத்தில் டிராகன் பழம் பயிரிடும் விவசாயிகள் அறுவடைக்குப் பிறகு கவாத்து செய்து தண்டுகளை வரப்பில் குவிக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள். முற்றிய, நோயில்லாத தண்டாக ஒரு சாண் வெட்டி, வெட்டுவாய் காய நிழலில் ஒரு வாரம் போட்டு, மணலில் நட்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். மாசி பங்குனியில் ஒட்டுவது நல்லது. மழைக்காலத்திலும் குளிரிலும் வேண்டாம். புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துத் தண்டை மட்டமாக வெட்டுங்கள். மூன்று பட்டைகளின் விளிம்பையும் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் காயும்போது நடு குழிந்து உருண்டையைத் தூக்கிவிடும். குட்டியின் அடியையும் மட்டமாக வெட்டுங்கள். இரண்டு வெட்டிலும் நடுவில் ஒரு சின்ன வளையம் தெரியும். தண்ணீரும் உணவும் ஓடும் குழாய்கள் அவை. தண்டின் வளையம் சின்னது, குட்டியின் வளையம் வேறு அளவு. நடுவோடு நடு வைத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக நின்று தொடாமலே போகலாம். அதனால் சற்று ஒதுக்கி, வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி வையுங்கள். ஒட்டுக் கூடாமல் போவதில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான். உடனே, வெட்டு உலர்வதற்குள், தொட்டியோடு சேர்த்து இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்காகப் போட்டு அழுத்துங்கள். பத்து நாள் நிழல், வெட்டில் ஒரு சொட்டு நீர் படக்கூடாது. பிறகு பட்டைகளிலிருந்து பச்சைத் துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், உருண்டைக்குப் போக வேண்டியதை அது குடித்துவிடும். நீண்ட நாள் நிற்க வேண்டும் என்பவர்கள் தூண்போல வளரும் செரியஸ் வகைக் கள்ளியின்மேல் ஒட்டலாம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆயுள் கூடும், குளிரையும் நன்றாகத் தாங்கும்.

இதில் சட்டச் சிக்கல் இருக்கிறதா என்று ஒருவர் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல கேள்வி. உலகில் கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, காட்டிலிருந்து திருடி விற்பதைத் தடுக்க. அந்த ஒப்பந்தமே, பச்சையம் இல்லாத நிற வகை ஜிம்னோகலிசியத்தை ஹைலோசீரியஸ் போன்ற குறிப்பிட்ட அடிச்செடிகளில் ஒட்டியிருந்தால் விலக்கு அளித்திருக்கிறது. ஏனென்றால் காட்டில் இப்படி ஒன்று வாழவே முடியாது, இது முழுக்க மனிதக் கை வளர்த்தது. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் பயிர்நலச் சான்று மற்றச் செடிகளுக்குப் போலவே வாங்க வேண்டும். ஆகவே சந்தூரில் மாங்கன்று ஒட்டும் குடும்பங்களும் ஓசூரில் சின்ன நர்சரி வைத்திருக்கும் பெண்களும் இதைத் துணைத்தொழிலாக எடுக்கத் தடையொன்றும் இல்லை. நிழல்வலை இருக்கிறது, தண்டு இருக்கிறது, சூடேற்றும் செலவு இல்லை, பக்கத்திலேயே பெங்களூரு சந்தை இருக்கிறது. தாய்ச்செடியாக நல்ல நிறமுள்ள ஐந்தாறு உருண்டைகள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

கொண்டுவரச் சொன்னபடி சிலர் அடி பழுப்பான செடிகளை எடுத்து வந்திருக்கிறீர்கள். மேசைமேல் பிளேடும் ஸ்பிரிட்டும் வேர் விட்ட தண்டுகளும் தயாராக இருக்கின்றன. அழுகல் ஒட்டுவாய் வரை ஏறாத செடிகளை முதலில் கொண்டுவாருங்கள், அவற்றுக்குத்தான் அவசரம்.